மெட்டு நிற்க, பின்னணி நகர

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். வழி நெடுக வலப்பக்கம் மலை கூடவே வரும். அதன் முதுகில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் அங்கே விரிந்து கிடக்கின்றன. விடிவதற்கு முன்பே அடிவாரத்து ஊர்களில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகின்றன. மேலே பறித்த காய் கீழே போடிக்கு வருகிறது. சலித்து, ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று தரம் பிரித்து ஏலத்துக்குப் போகிறது. உழைப்பும் சரக்கும் இப்படி மலை ஏறி இறங்கும் ஊர்களில் பாட்டும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறது.

அந்த அடிவாரத்தில் 1943 ஜூன் மாதம் பிறந்த ஞானதேசிகன் என்ற பையன் பள்ளியில் ராசையா ஆனான், பிறகு இளையராஜா. ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976 முதல் அவருடைய இசையைச் சுற்றி ஒரு கேள்வி ஓயாமல் இருந்துவருகிறது. கிராமத்து மெட்டையும் ஐரோப்பியச் செவ்விசையையும் ஒருவர் சேர்க்கும்போது அதில் எது எதை நடத்துகிறது? மெட்டு ஆள்கிறதா, ஆர்கெஸ்ட்ரா ஆள்கிறதா? இதற்குப் பெரும்பாலும் வாத்தியங்களை எண்ணித்தான் பதில் சொல்லப்படுகிறது. இங்கே உறுமி, அங்கே வயலின் கூட்டம், நடுவில் புல்லாங்குழல், ஆகவே இது கலப்பு என்று. வாத்தியங்களை எண்ணி இந்தக் கேள்விக்குள் நுழைய முடியாது. எந்த வாத்தியமும் எந்த இசையையும் வாசிக்கும். ஹார்மோனியம் எத்தனை நாட்டின் பாட்டை வாசித்திருக்கிறது!

இதே கேள்வியை ரஷ்யாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்திருக்கிறார்கள். இளையராஜாவை அளக்க நமக்கு உதவக்கூடிய ஒருவர் அங்கே உண்டு: மியச்சிஸ்வாஃப் வைன்பெர்க். தமிழில் அதிகம் பேசப்படாத பெயர். 1919இல் வார்சாவில் பிறந்த யூத இசையமைப்பாளர். தந்தை அங்கிருந்த இத்திஷ் நாடக அரங்கில் வயலின் வாசித்து இசைக்குழுவை நடத்தியவர். சிறுவனாக இருக்கும்போதே மகனும் அந்தக் குழுவில் பியானோவில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பாட்டு, அழுகைப் பாட்டு, நையாண்டிப் பாட்டு எல்லாம் அங்கே காதில் விழுந்தவை. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்ததும் கால்நடையாகக் கிழக்கே தப்பி மின்ஸ்க் நகரம் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்த வசீலி சொலொதரியோவ், ரிம்ஸ்கி-கோர்சகோவின் மாணவர். ஊரை இழந்து வந்த பையன் ரஷ்யச் செவ்விசையின் நேர் வாரிசுவரிசையில் இப்படித்தான் வந்து சேர்ந்தார். 1941இல் போர் அங்கும் எட்ட, தாஷ்கண்டுக்கு ஓட்டம். 1943இல் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் முயற்சியால் மாஸ்கோ. வார்சாவில் விட்டுவந்த பெற்றோரையும் தங்கையையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள்.

அவரோடு சேர்ந்து வந்த இசையின் பெயர் கிளெஸ்மர். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாணங்களில் வாசிக்கும் பரம்பரைக் கலைஞர்களின் இசை. வயலின், கிளாரினெட், சிம்பல் என்ற கம்பி வாத்தியம், ஒரு முரசு. தொழில் அப்பனிடமிருந்து மகனுக்கு. கல்யாணம் இவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் ஊருக்குள் மதிப்பு குறைவுதான். பாத்கன் என்ற பாட்டுக்காரர் மணப்பெண்ணை அழவைத்து, அடுத்த நிமிடமே கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் நையாண்டி மேளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாயனமும் தவிலும் பம்பையும் உறுமியும் ஒரு பொழுதில் சாமி வரவழைக்கும், அடுத்த பொழுதில் குறவன் குறத்தியை ஆடவைக்கும். வாசிப்பவரை வாசல்வரை மட்டும் அழைத்த வீடுகள் இங்கேயும் இருந்தன.

இரண்டு இசைக்கும் சுர உறவும் உண்டு. கிளெஸ்மரில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் என்ற அமைப்பை நம் கணக்கில் எழுதினால் 14ஆம் மேளகர்த்தா வகுளாபரணம்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நிஷாதத்தை மட்டும் காகலியாக மாற்றினால் அடுத்த மேளமான மாயாமாளவகௌளை, சங்கீதப் பிள்ளைகளின் முதல் பாடம். கிளெஸ்மரின் இன்னொரு அமைப்பான மிஷெபெராக், நம் 58ஆம் மேளம் ஹேமவதிக்கு நேர். சுரம் ஒன்றானதால் இசை ஒன்றாகிவிடாது என்பது உண்மை. ஆனால் சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலான அந்த அகன்ற தாண்டலில் ஏதோ இருக்கிறது. அழுகையையும் ஆட்டத்தையும் ஒரே மூச்சில் தாங்க அதனால் முடிகிறது. கிளெஸ்மர் வயலினில் கிரெக்ட்ஸ் என்று ஒரு விக்கல் வரும். சுரத்தின் முடிவில் தொண்டை அடைத்துக்கொள்வதுபோல. நம் ஒப்பாரிக்காரிகள் அடியின் கடைசியில் குரலை உடைப்பதைக் கேட்டவர்கள் அதை உடனே இனம் கண்டுகொள்வார்கள். ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ (1987) படத்தின் மரிக்கொழுந்துப் பாட்டு மாயாமாளவகௌளையில் அமைந்த கிராமத்து மெட்டு. கச்சேரி மேடையில் விடியலின் கனத்தோடு ஒலிக்கும் ராகம், அங்கே திருவிழாக் கூட்டத்தின் நடுவே இடுப்பை ஒடித்து நடக்கிறது.

இனி உண்மையான சிக்கல். ஐரோப்பியச் செவ்விசை, முக்கியமாக ஜெர்மானிய மரபு, ஒரு சிறு சுரத்துண்டை எடுத்து உடைத்து, திருப்பி, ஸ்தாயி மாற்றி, மோதவிட்டு வளர்ப்பது. பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்து நான்கு தட்டுகள் ஒரு பகுதி முழுவதையும் கட்டி எழுப்பும். நாட்டுப்பாட்டு அப்படிப்பட்ட பொருள் இல்லை. அது தன்னளவில் முழுசு. நான்கு அடியில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடும். அதை உடைத்தால் பாட்டு செத்துப்போகும். உடைக்காவிட்டால் சிம்பொனி நகராது.

இதற்கு ரஷ்யர்கள் கண்ட வழி 1848இல் இசையமைப்பாளர் கிளின்கா எழுதிய ‘கமாரின்ஸ்கயா’வில் இருக்கிறது. அதில் ஒரு கல்யாணப் பாட்டு, ஒரு ஆட்டப்பாட்டு. ஆட்டப்பாட்டின் மெட்டு எழுபது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் மாறாமல். மாறுவதெல்லாம் அதன் பின்னால்: ஒரு தடவை தந்திகளின் மீட்டல், ஒரு தடவை எதிர்க்குரல், ஒரு தடவை அடியில் வேறு சுரம் ஊன்றி நிற்கும். மெட்டு நிற்க, பின்னணி நகர்கிறது. பிறகு வந்த ரஷ்ய இசையமைப்பாளர்கள் பலரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான். 1919இல் நியூயார்க்கில் தங்கியிருந்த புரகோஃபியெவ், ரஷ்யாவிலிருந்து வந்த ஸிம்ரோ என்ற யூத இசைக்குழு கொடுத்த மெட்டுகளை வைத்து கிளாரினெட், பியானோ, நான்கு தந்திகளுக்கு எழுதிய படைப்பிலும் இந்த வாசனை இருக்கிறது. ஷொஸ்தகோவிச் 1944இன் இரண்டாம் பியானோ ட்ரியோவில் யூத ஆட்டமெட்டைக் கொண்டுவந்தபோது ஒரு படி மேலே போனார். மெட்டு ஆடிக்கொண்டே இருக்கிறது. பின்னணி அதை மரண ஊர்வலமாக மாற்றிவிடுகிறது.

இளையராஜாவின் பாட்டுகளை இந்தக் காதோடு கேட்டால், அவர் செய்தது என்ன என்பது தெளிவாகிறது. பல்லவி முதல் தடவை வரும்போதும் கடைசித் தடவை வரும்போதும் பாடகர் பாடுவது ஏறக்குறைய அதே மெட்டுதான். கீழே பேஸ் கிட்டார் வேறு வழியில் நடந்துகொண்டிருக்கும். சரணத்தில் வயலின்கள் ஒரு தனிக் கதை சொல்லும். மெட்டை அவர் உடைக்கவில்லை. தாய் சின்னத்தாயம்மாளிடமும் வயல்காட்டிலும் கேட்ட பாட்டை உடைக்கக் கை வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சினிமாப் பாட்டுக்கு மெட்டு மனப்பாடமாக வேண்டும் என்ற தொழில் தேவையும் அதையே கேட்டது.

‘நிழல்கள்’ (1980) படத்தின் பூங்கதவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மாயாமாளவகௌளை. தந்திகள் ஐரோப்பிய அடுக்கில் எழும்பிப் பாட்டைத் திறந்துவைக்கின்றன. இடையிசையில் நாதஸ்வரமும் தவிலும் கல்யாண மேளமாகவே வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போட்ட தழும்பு தெரியவில்லை. காரணம், மேளம் வருவதற்கு முன்பே தந்திகள் அந்த ராகத்தின் சுரங்களிலேயே வழி போட்டு வைத்திருக்கின்றன. மேளம் விருந்தாளியாக வரவில்லை. தன் வீட்டுக்குள் நுழைகிறது. ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் பேருந்துப் பாட்டில் இன்னொரு துணிச்சல். இரண்டு குரல்கள் இரண்டு வெவ்வேறு மெட்டில் ஒன்றோடொன்று பின்னிப் போகின்றன. கவுன்டர்பாயின்ட் என்ற பல நூற்றாண்டு ஐரோப்பியக் கலை, டவுன் பஸ்ஸில் ஏறிய கூட்டத்துக்கு ஒரு விளக்கமும் இல்லாமல் புரிந்துபோனது. எனக்கு இது தமிழ் இசை வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாகப் படுகிறது.

1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் அவர் கிளின்காவைத் தலைகீழாக்குகிறார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியில், பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் இன்னொரு வயலின் கமகத்தோடு பாடுகிறது. இங்கே நிற்பது ஐரோப்பா; நகர்வது நாம். அந்த வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். ஒரே வாத்தியம் இரண்டு மரபின் வில்வீச்சில் பேசுவதைக் கேட்க இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

இந்தப் படிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் மூன்று தடங்கள் தெரிகின்றன. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் கற்பித்த மேற்கத்திய இசை. சுரக்குறிப்பில் நேரடியாக எழுதும் பழக்கத்துக்கு அது அடித்தளம். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த ஆண்டுகள் தொழில் கற்றுக்கொடுத்தவை. மூன்றாவது தடத்துக்கு ரஷ்யாவோடு ஒரு மறைமுக உறவு இருக்கிறது: பொதுவுடைமை இயக்கம். அண்ணன் பாவலர் வரதராசன் கட்சி மேடைகளின் பாட்டுக்காரர். மலைமேல் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் தொகுதி 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்துக்குப் போனது. அங்கே 1958இல் நடந்த இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் தமிழில் பாடிச் சுற்றினார். ரோசம்மா வென்றார். மக்கள் வாயில் இருக்கும் மெட்டை அப்படியே எடுத்து அதற்குள் புதுச் செய்தியை ஏற்றுவது அந்த மேடையின் உத்தி. அண்ணனின் குழுவில் பதினான்கு வயதிலேயே சேர்ந்த தம்பி ஏறக்குறைய பத்தாண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பயின்றது அதைத்தான். மெட்டைத் தொடாதே, அதைச் சுற்றியிருப்பதை மாற்று. கிளின்காவின் பாடம் அவருக்குக் கட்சி மேடையில் ஹார்மோனியத்தோடு வந்து சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் தடத்தில் இன்னும் இருவர் நிற்கிறார்கள். இளையராஜா யாருடைய குழுவில் வாசித்தாரோ அந்த சலீல் சௌத்ரி, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்து மருத்துவரின் மகன். ஐரிஷ் மருத்துவர் ஒருவர் விட்டுப்போன கிராமபோன் தட்டுகளில் மொசார்ட்டையும் பெத்தோவனையும் கேட்டு, வெளியே தொழிலாளர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பிறகு மக்கள் நாடக மன்றமான இப்டாவின் பாட்டுக்காரர். மற்றவர் எம். பி. சீனிவாசன், அதே இயக்கத்திலிருந்து வந்து 1971இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவர். தமிழ்ப் பாட்டைப் பல குரல்களில் அடுக்கிப் பாடவைத்த அவருடைய உழைப்புக்குரிய மரியாதை இன்னும் வந்து சேரவில்லை.

இளையராஜாவைப் பற்றிய எழுத்தில் கனமான முயற்சியாக நான் கருதுவது பிரேம்-ரமேஷ் எழுதிய ‘இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்’. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் செவ்வியல், நாட்டார் என்ற படிநிலையையே குலைத்துவிட்டார் என்ற வாசிப்பு அதிலிருந்து வலுப்பெற்றது. படிநிலை குலைந்தது உண்மை. ஆனால் எந்த வேலைப்பாட்டால் குலைந்தது என்று சுரத்தில் காட்டாதவரை அந்த வாசிப்பு பாதியில்தான் நிற்கிறது. இதே கேள்விக்கு மதுரையில் வேறொரு விடை சொல்லப்பட்டது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, தேவாலயத்துக்குள் பறையையும் நாட்டுப்பாட்டையும் கொண்டுவந்தார். ஏழைக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் கர்நாடகக் கீர்த்தனையும் மேற்கத்தியப் பாமாலையும் ஏன் ஆள வேண்டும் என்று கேட்டவர் அவர். ஸோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அப்பாவு வழியில் மெட்டுக்கு ஆர்கெஸ்ட்ரா தேவையில்லை. கூடிப் பாட ஆள் போதும். இளையராஜா வழியில் மெட்டு உலகத்தின் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். இரண்டையும் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீண்ட வடிவம் மட்டும் இன்னும் முடியாத வழக்கு. நான்கு நிமிடப் பாட்டில், அரை நிமிட இடையிசையில் இந்த முறை பூரணமாகப் பலித்தது. சிம்பொனி என்று வரும்போது என்ன ஆகிறது? 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்துப் பதிவான அவருடைய சிம்பொனி வெளியிடப்படவே இல்லை. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு வந்த ‘திருவாசகம்’ மாணிக்கவாசகரின் சொல்லைத் தூணாக வைத்து நிற்பது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அதே ராயல் ஃபில்ஹார்மோனிக் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது; அப்போது இளையராஜாவுக்கு வயது 81. வைன்பெர்க்கும் காத்திருந்தவர்தான். 1968இல் முடித்த ‘பயணி’ ஓபராவின் முதல் கச்சேரி வடிவம் 2006இல், அவர் இறந்து பத்தாண்டுக்குப் பின். மேடை நாடகமாக 2010இல். வாழ்க்கை நடத்த அவரும் சினிமாவுக்கு எழுதினார். ‘கொக்குகள் பறக்கின்றன’ (1957) படத்தின் இசை அவருடையது. சோவியத் குழந்தைகள் மனப்பாடமாகப் பாடிய வின்னி கரடிப் படங்களின் இசையும் அவருடையது. இருபதுக்கு மேற்பட்ட சிம்பொனிகளும் 17 நால்தந்தி இசைகளும் தனிக் கணக்கு. சினிமாவில் உழைப்பவர் சிம்பொனிக்குத் தகுதியற்றவர் என்ற எண்ணம் எத்தனை பொய் என்பதற்கு அவர் வாழ்க்கையே போதும்.

மெட்டு யாருடையது என்ற கேள்வி வைன்பெர்க்குக்கு உயிராபத்தாகவே வந்தது. 1949இல் அவர் எழுதிய ‘மால்தோவிய ராப்சடி’ பெயரளவில் மால்தோவியக் கிராம இசை. அவருடைய பெற்றோர் அந்தப் பகுதியிலிருந்து போனவர்கள். அங்கே மால்தோவிய ஊர்க் கலைஞர்களும் யூதக் கலைஞர்களும் ஒரே மெட்டுகளைப் பகிர்ந்து வாசித்தார்கள். யூத இசை என்று சொல்லாமலே யூத இசையை எழுத அந்தப் பெயர் இடம் கொடுத்தது. 1953 பிப்ரவரி 6 அன்று வயலின் கலைஞர் தாவித் ஓய்ஸ்த்ராக் அதை மாஸ்கோவில் வாசித்தார். அன்றிரவே வைன்பெர்க் கைதானார். ஸ்டாலின் மார்ச்சில் இறந்த பிறகுதான் விடுதலை. மெட்டுகள் சமூகங்களுக்கு இடையே இப்படிப் புழங்குவது போடிப் பகுதிக்குப் புதிதல்ல. போடி ஜமீன் ராஜகம்பள நாயக்கர்களுடையது. அவர்களின் தேவராட்டம், பேச்சில் தெலுங்கு, பக்கத்து ஊர்களில் கன்னடம், மலை ஏறினால் மலையாளம். பண்ணைப்புரத்துப் பையன் கேட்ட ‘தமிழ் மெட்டு’ இத்தனை வாய்களில் உரசி வந்தது.

இருவருக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வைன்பெர்க்கின் ஊர் அழிந்துவிட்டது. அவர் மெட்டுக்குத் திரும்பிப் போக இடமில்லை, அதனால் அது அவர் இசையில் நினைவாகவும் துக்கமாகவும் மட்டுமே வாழ முடிந்தது. இளையராஜாவின் பள்ளத்தாக்கு உயிரோடு இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டு போன மெட்டு வானொலி வழியாக, டீக்கடை வழியாக, கல்யாண ஒலிபெருக்கி வழியாக இரண்டே மாதத்தில் ஊர் திரும்பியது. நையாண்டி மேளத்துக்காரர்கள் அவர் பாட்டை நாயனத்தில் வாசித்தார்கள். களத்துமேட்டில் பாடியவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே பாடினார்கள். இது பேறுதான். ஆனால் இதன் விளைவாக, எது பள்ளத்தாக்கு அவருக்குக் கொடுத்தது, எது அவர் பள்ளத்தாக்குக்குக் கொடுத்தது என்று இன்று பிரித்துக் காட்டுவது மிகக் கடினமாகிவிட்டது.

கிளெஸ்மருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1912 முதல் 1914 வரை யூத எழுத்தாளர் அன்ஸ்கி நடத்திய களப்பயணத்தில் இசையமைப்பாளர் எங்கெல் போனோகிராஃபோடு போய்க் கல்யாணக்காரர்களின் பாட்டைப் பதிவு செய்தார். பிறகு கீவ் நகரத்தின் மொய்செய் பெரெகோவ்ஸ்கி பல ஆண்டுகள் மெழுகு உருளைகளில் பதிந்து, சுரம் எழுதி வைத்தார். அந்த வேலைக்காகவே 1950இல் சிறைக்கும் போனார், உருளைகள் பிழைத்தன. அதனால்தான் ஷொஸ்தகோவிச்சோ வைன்பெர்க்கோ எந்த மெட்டை எப்படித் திருப்பினார்கள் என்று ஆய்வாளர்கள் அடிஅடியாகப் பேச முடிகிறது.

நம்மிடம் நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் செய்த பணி இருக்கிறது. அரிய உழைப்பு. ஆனால் நம் தொகுப்புகள் பெரும்பாலும் சொல்லைத் திரட்டின. மெட்டு ஏட்டில் ஏறவில்லை. பாட்டு வரியைப் படிக்கலாம், அது எந்தச் சுரத்தில் தொடங்கி எங்கே குரல் உடைந்தது என்பதைப் படிக்க முடியாது. ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டே பாடியவர்களில், சினிமா ஒலிபெருக்கி ஊருக்குள் நிறைவதற்கு முன் கற்ற பாட்டை நினைவில் வைத்திருக்கும் மூத்த பெண்கள் போடி, தேவாரம், கோம்பை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, சுரம் எழுதத் தெரிந்த இரண்டு மாணவர்கள், மலையாளமும் தெலுங்கும் புரிந்த ஒருவர், சில பருவங்கள். அந்தத் தொகுப்பு கையில் வந்தால் ‘அன்னக்கிளி’யின் மெட்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்; எந்த இடத்தில் பள்ளத்தாக்கின் பாட்டு நின்று இளையராஜா தொடங்குகிறார் என்று விரல் வைத்துச் சொல்லலாம்.